அரிசி ஆலைக்கு ஒரு தொழிலாளர் சட்டச் சேவை: ஓராண்டு சந்தா கட்டிப் பார்த்ததில்

கும்பகோணத்திலிருந்து வலங்கைமான் வழியாக நீடாமங்கலம் செல்லும் சாலையை ஒட்டி எங்கள் குடும்பத்தின் புழுங்கல் அரிசி ஆலை இருக்கிறது. களம், பாய்லர், டிரையர், அரவை, கலர் சார்ட்டர், எடைமேடை, அலுவலக அறை எல்லாவற்றுக்கும் சேர்த்துச் சம்பளப் பட்டியலில் 34 பேர். அவர்களில் 11 பேர் பெண்கள். பணியாளர் நிர்வாகத்துக்கென்று தனி ஆள் கிடையாது. அந்த வேலையை நான் பார்க்கிறேன். நான் வெளியூர் போனால் கணக்கர் அம்மா பார்க்கிறார். பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. இரண்டுக்கும் மாதம் 15ஆம் தேதிக்குள் பணம் கட்டுவது ஆடிட்டர் அலுவலகத்துப் பையனின் பொறுப்பு. இவ்வளவுதான் எங்கள் ஏற்பாடு. இந்த நிலையில், வேலையளிப்பவர்களுக்குத் தொழிலாளர் சட்ட மாற்றங்களைத் தெரிவித்து, பணியிட நடைமுறைகளுக்கு வழிகாட்டும் ஒரு தனியார் ஆலோசனைச் சேவைக்கு 2025 தை மாதத்தில் சந்தா கட்டினேன். ஓராண்டு முடிந்து புதுப்பிக்கும் நேரம் வந்திருப்பதால், கட்டிய பணத்துக்குக் கிடைத்தது என்ன என்பதை எழுதி வைக்கிறேன். குறைகளையும் சொல்லப் போகிறேன் என்பதால் நிறுவனத்தின் பெயரை விட்டுவிட்டேன். இதே பாணியில் இயங்கும் சேவைகள் வேறும் இருப்பதால், வாங்க நினைப்பவர்களுக்கு இந்தக் குறிப்புகள் எப்படியும் பயன்படும்.

ஆண்டுச் சந்தா 18,000 ரூபாய், ஜி.எஸ்.டி. 18 சதவீதம் சேர்ந்தால் 21,240. இதற்கு மாதம் ஒரு மடல் தமிழில் வருகிறது. குறிப்பாணை, நியமன உத்தரவு, விசாரணை அறிவிப்பு முதலான மாதிரிப் படிவங்கள் அடங்கிய கோப்புறை ஒன்றைத் தருகிறார்கள். வேலை நாட்களில் தொலைபேசியில் சந்தேகம் கேட்கலாம். ஆண்டுக்கு ஒருமுறை நேரில் வந்து பதிவேடுகளைப் பார்க்கிறார்கள்.

மடலில் நான் முதலில் மதித்தது, தேதி தவறாமல் வரும் சிறு தகவல்களைத்தான். தொழிலாளர் நல நிதிக்குத் தொழிலாளியிடம் 20 ரூபாயும் எங்கள் பங்காக 40 ரூபாயும் ஜனவரி 31க்குள் கட்ட வேண்டும் என்பது தலைக்கு அறுபது ரூபாய் விஷயம்தான். ஆனால் அதை மறந்துவிட்டு அடுத்த ஆண்டு நோட்டீசுக்குப் பதில் எழுதியது எனக்கு நினைவிருக்கிறது. குறைந்தபட்ச ஊதியத்தோடு சேரும் பஞ்சப்படி, சென்னை நுகர்வோர் விலைக் குறியீட்டை வைத்து ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 1 முதல் மாறும். அரிசி ஆலைக்குரிய புதிய தொகையை வேலைப் பிரிவு வாரியாக அட்டவணையாக்கிக் கொடுத்திருந்தார்கள். அது வந்து சேர்ந்தது ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் என்பது மட்டும் வருத்தம். ஏப்ரல் முதல் பாதியில் வேலையை விட்டு நின்ற இருவருக்குப் பழைய கணக்கில் பணம் கொடுத்துவிட்டு, பிறகு வீடு தேடிப் போய் மிச்சத்தைக் கொடுக்க வேண்டியிருந்தது.

இதற்கு நேர்மாறாக, என்னை உண்மையிலேயே ஆச்சரியப்படுத்திய குறிப்பு ஜனவரி மடலில் ஒரு மூலையில் இருந்தது. தமிழ்நாட்டில் 1958ஆம் ஆண்டின் தேசிய மற்றும் பண்டிகை விடுமுறைச் சட்டப்படி ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நான்கும் கட்டாய விடுமுறை. அவை போக இன்னும் ஐந்து நாட்களை நாம் தேர்ந்தெடுத்து அறிவிக்க வேண்டும். 2025இல் விஜயதசமி அக்டோபர் 2ஆம் தேதியிலேயே விழுவதால் அதை அந்த ஐந்தில் சேர்த்தால் ஒரு நாள் வீணாகும், தொழிலாளர்களோடு பேசி வேறு நாளைத் தேர்ந்தெடுங்கள் என்று எழுதியிருந்தார்கள். வழக்கமாக ஆயுத பூஜையையும் விஜயதசமியையும் சேர்த்தே பட்டியல் போடுகிறவன் நான். அந்த ஆண்டு விஜயதசமியின் இடத்தில் வேளாங்கண்ணி மாதா திருவிழாவின் செப்டம்பர் 8 வந்தது. பாய்லர் பகுதியில் வேலை செய்யும் நான்கு குடும்பங்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை அவர்கள் முகத்தில் பார்த்தேன். அரசிதழைப் படித்து மொழிபெயர்ப்பதோடு நின்றிருந்தால் இப்படி ஒரு குறிப்பை எழுதத் தோன்றாது; நாட்காட்டியைக் கையில் வைத்துக்கொண்டு ஓர் ஆலைக்காரனின் இடத்திலிருந்து யாரோ யோசித்திருக்கிறார்கள்.

ஆகஸ்டில் வந்த அவசரச் செய்தியையும் அந்த வரிசையில் சேர்ப்பேன். புதிதாகச் சேரும் தொழிலாளிக்கு பி.எஃப். கணக்கு எண் எடுக்க வேண்டுமானால் 2025 ஆகஸ்டு 1 முதல் உமங் என்ற அரசுச் செயலியில் முகத்தைக் காட்டி அடையாளத்தை உறுதி செய்தாக வேண்டும் என்ற மாற்றத்தை அன்றைக்கே அனுப்பினார்கள். களத்தில் நெல் தள்ள வந்த ஓர் அம்மாவின் ஆதார் படம் பல ஆண்டுகளுக்கு முன் எடுத்தது. கைப்பேசியை அவர் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, கண்ணைச் சிமிட்டச் சொல்லி, வெயிலில் ஒருமுறையும் நிழலில் இருமுறையும் முயன்றும் செயலி ஏற்கவில்லை. தொலைபேசியில் கேட்டபோது, ஆதார் மையத்தில் படத்தைப் புதுப்பித்துவிட்டு வந்து பாருங்கள், அதுவரை வேலைக்கு வரும் நாட்களின் வருகைப் பதிவை மட்டும் விடாமல் எழுதி வையுங்கள் என்றார்கள். அப்படியே செய்தோம், வேலை நடந்தது.

மடலின் பெருங்குறை அதன் மொழி. அது முழுதாக வெளிப்பட்டது நவம்பருக்குப் பிறகுதான். 2025 நவம்பர் 21 அன்று ஊதியம், தொழில் உறவு, சமூகப் பாதுகாப்பு, பணியிடப் பாதுகாப்பு ஆகிய நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் 29 பழைய சட்டங்களின் இடத்தில் நடைமுறைக்கு வந்தன. சந்தா கட்டியவர்கள் எல்லோரும் அந்த மாதத்து மடலுக்காகத்தான் காத்திருந்திருப்பார்கள். வந்தது 14 பக்கம். முதல் ஆறு பக்கங்கள் எந்தெந்தச் சட்டம் எதற்குள் அடங்கியது என்ற வரலாறு. ஊதியத்தின் வரையறையை விளக்கும் பத்தி, “மேற்சொன்ன விலக்கீடுகளின் கூட்டுத்தொகை மொத்த ஊதியக் கொடுப்பில் ஒரு பாதியை விஞ்சுமிடத்து” என்று தொடங்கி ஒன்பது வரி ஓடி முற்றுப்புள்ளியை அடைகிறது. நான் அதை மூன்று முறை படித்துவிட்டு, கணக்கர் அம்மாவிடம் கொடுத்தேன். அவர் ஒரே பார்வையில், “வீட்டு வாடகைப்படி, பயணப்படின்னு பிரிச்சு எழுதினது பாதிக்கு மேல போச்சுன்னா, போன மிச்சத்தையும் சம்பளத்தோட சேர்த்துத்தான் பி.எஃப்., கிராஜுவிட்டி கணக்குப் போடணும், அவ்வளவுதானே?” என்றார். அவ்வளவுதான். அதை அப்படியே அவர்கள் எழுதியிருக்கலாம்.

அந்த மடலில் ஆலைக்காரனுக்கு வேண்டியது ஒன்பதாம் பக்கத்துக்குப் பிறகுதான் இருந்தது. அங்கே சொன்னவற்றை இங்கே சுருக்குகிறேன். மின்சாரத்தால் இயங்கும் இடம் தொழிற்சாலை என்று கருதப்பட முன்பு 10 தொழிலாளர் போதும். புதிய தொகுப்பில் அது 20 ஆகிவிட்டது. எங்களைப் போன்ற 34 பேர் ஆலை அப்போதும் இப்போதும் உள்ளேதான் இருக்கிறது. ஆனால் பக்கத்து ஊரில் 14 பேரை வைத்து நடத்தும் என் மைத்துனரின் அரவை மில்லுக்கு இது மாறுகிறது. 20 தொழிலாளர் இருந்தால் குறைதீர்ப்புக் குழு அமைக்க வேண்டும். ஒருவர் ராஜினாமா செய்தாலும் நீக்கப்பட்டாலும் அவருக்குரிய ஊதியத்தை இரண்டு வேலை நாட்களுக்குள் தீர்த்தாக வேண்டும். குறித்த காலத்துக்கென்று ஒப்பந்தம் போட்டு வேலைக்கு வைத்தவருக்கு ஓராண்டு முடிந்தாலே பணிக்கொடை, அதாவது கிராஜுவிட்டி, உண்டு. எல்லோருக்கும் நியமன உத்தரவு எழுத்தில் கொடுக்க வேண்டும். விதிகள் முழுமையாக வந்து சேரும் வரை, புதிய சட்டத்துக்கு முரண்படாத அளவில் பழைய விதிகளே தொடரும் என்பதையும் தெளிவாகச் சொல்லியிருந்தார்கள். அந்த நாட்களில் வாட்ஸ்அப்பில் சுற்றிய கதைகளை நம்பிப் பதிவேடுகளைத் தூக்கிப் பரணில் போட்டுவிடாமல் எங்களைக் காப்பாற்றியது அந்த ஒரு வரிதான்.

நியமன உத்தரவு கொடுக்கப் போய் நான் பட்ட பாட்டை எந்த மடலும் சொல்லித் தரவில்லை. மாதிரிப் படிவத்தை எடுத்து 34 பிரதி தயாரித்தேன். பாய்லரில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக நிற்கும் அண்ணனிடம் நீட்டியபோது அவர் கையை வேட்டியில் துடைத்தார். தாளை மட்டும் வாங்கவில்லை. “எதுக்குத் தம்பி இப்பப் பேப்பரு? அப்பா இருந்தப்ப வாயால சொன்னதே போதுமா இருந்துச்சு. கையெழுத்து வாங்கிக்கிட்டு அனுப்பப் போறீங்களா?” என்று கேட்டார். இத்தனை ஆண்டு வேலை பார்த்தவருக்குப் புதிதாகச் சேர்ந்த தேதி போட்ட உத்தரவைக் கொடுத்தால் பழைய சேவைக்காலம் என்ன ஆகும் என்பது அவருடைய கேள்வி. அது நியாயமான கேள்வி. மாதிரிப் படிவத்தில் “பணியில் சேரும் நாள்” என்ற ஒரு கட்டம் மட்டுமே இருந்தது. தொலைபேசியில் கேட்டதும், முதலில் சேர்ந்த தேதியைக் குறிப்பிட்டு, “அன்று முதல் தொடர்ந்து பணியில் இருப்பதை இந்த உத்தரவு உறுதி செய்கிறது” என்ற வாக்கியத்தைச் சேர்க்கச் சொன்னார்கள். அந்த வரியை அண்ணனுக்கு இரண்டு முறை படித்துக் காட்டிய பிறகு கையெழுத்து விழுந்தது. பழைய ஆட்களுக்கென்று தனிப் படிவம் ஒன்றை அவர்களே வைத்திருக்க வேண்டும். டெல்டாவில் எந்த ஆலைக்குப் போனாலும் பாதிப்பேர் வாய்ச்சொல்லில் சேர்ந்தவர்களாகத்தான் இருப்பார்கள்.

மாதிரிப் படிவங்களைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தச் சேவையின் உயிரும் ஆபத்தும் அங்கேதான் இருக்கின்றன. குறுவை நெல் வந்து குவிந்திருந்த நேரத்தில் டிரையரில் வேலை செய்யும் ஒருவர் சொல்லாமல் கொள்ளாமல் 12 நாள் வரவில்லை. அப்பா காலத்தில் இதற்கு ஒரே நடைமுறைதான்: திரும்பி வருகிறவரைக் கேட்டிலேயே நிறுத்தி, “இனிமே வர வேணாம்” என்று சொல்லி அனுப்பிவிடுவார். அப்படி அனுப்பப்பட்ட ஒருவருக்காகத் திருச்சி தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் பல தடவை பஸ் ஏறிய அனுபவம் எங்கள் வீட்டுக்கு உண்டு. குற்றம் நடந்ததா என்பதை விட, விசாரித்தீர்களா என்பதே அங்கே முதல் கேள்வியாக இருந்தது. ஆகவே இம்முறை கோப்புறையைத் திறந்து, “காரணம் கேட்கும் குறிப்பாணை” என்ற படிவத்தை எடுத்தேன். அதன் கடைசி வாக்கியம், “தங்களை ஏன் பணிநீக்கம் செய்யக் கூடாது என்பதற்கு மூன்று நாட்களுக்குள் விளக்கம் அளிக்க வேண்டும்” என்று இருந்தது. அனுப்புவதற்கு முன் சந்தேகம் வந்து தொலைபேசியில் கேட்டேன். பேசிய வழக்கறிஞர் அம்மையார் ஒரு கணம் தயங்கிவிட்டு, “அந்த வரியை அடித்துவிடுங்கள் சார். விளக்கம் கேட்பதற்கு முன்பே தண்டனையைச் சொன்னால், முடிவெடுத்துவிட்டுத்தான் விசாரித்தார்கள் என்று ஆகிவிடும்” என்றார். சரியான அறிவுரை. ஆனால் அந்த வரி அவர்களுடைய படிவத்திலேயே இருக்கிறதே என்று கேட்டேன். பழைய படிவம், மாற்றிவிடுகிறோம் என்றார். மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோதும் மாறவில்லை.

குறிப்பாணையைத் தபாலில் பெற்றவர் அதைத் தன் மகளிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லியிருக்கிறார். மறுநாள் தந்தையும் மகளும் சேர்ந்தே வந்தார்கள். கோடு போட்ட நோட்டிலிருந்து கிழித்த அரைத்தாளில், தன் தாயார் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இருந்தார் என்று எழுதி, உள்நோயாளிச் சீட்டின் நகலையும் இணைத்திருந்தார். வாங்கியதும் தேதியிட்டு ஒப்புகைக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும், அங்கேயே நின்று தீர்ப்புச் சொல்லக் கூடாது, விளக்கம் திருப்தியாக இருந்தால் அதையும் எழுத்தில் தெரிவித்துக் கோப்பை மூட வேண்டும் என்று சேவையின் நடைமுறைக் குறிப்பு படிப்படியாகச் சொல்லியிருந்தது. அதன்படி விளக்கத்தை ஏற்றுக்கொண்டு, இனி விடுப்பைத் தொலைபேசியிலாவது தெரிவிக்க வேண்டும் என்று ஒரு கடிதம் கொடுத்தோம். அவர் இப்போதும் டிரையரில்தான் இருக்கிறார். ஒருவேளை விசாரணை வரை போயிருந்தால், பணியிடை நீக்கக் காலத்துக்கு முதல் 90 நாள் பாதி ஊதியம், அதன்பின் 180ஆம் நாள் வரை முக்கால் பங்கு, அதையும் தாண்டினால் முழு ஊதியம் என்று தமிழ்நாட்டின் 1981ஆம் ஆண்டுச் சட்டம் சொல்லும் பிழைப்பூதியத்தைக் கொடுத்திருக்க வேண்டும். அந்தக் கணக்கையும் குறிப்பில் சேர்த்திருந்தது நல்லது. விசாரணையை ஆறப்போடுகிற முதலாளிக்கு அதைவிட நல்ல மருந்து கிடையாது.

படிவக் கோப்புறையோடு வந்த பணிக்கொடைக் கணக்குத் தாளைப் பற்றிச் சொல்லும்போது எனக்குக் கோபம் வருவதை மறைக்க முடியவில்லை. 21 ஆண்டு வேலை செய்து ஓய்வு பெற்ற ஒருவரின் கடைசி மாத ஊதியம் 13,000 ரூபாய். மாத ஊதியத்தை 26ஆல் வகுத்து 15ஆல் பெருக்கினால் ஆண்டுக்கு 7,500. இருபத்தோரு ஆண்டுக்கு 1,57,500. தாளில் எண்களை இட்டால் 1,36,500 என்று காட்டியது. யாரோ 26க்குப் பதிலாக 30ஆல் வகுத்திருக்கிறார்கள். ஆடிட்டர் அலுவலகத்துப் பையன் கண்டுபிடித்திராவிட்டால், ஓர் ஏழை மனிதருக்கு 21,000 ரூபாய் குறைத்துக் கொடுத்துவிட்டுச் சட்டப்படி நடந்தேன் என்று நான் நிம்மதியாக இருந்திருப்பேன். சொன்ன அன்றே திருத்திய தாளை அனுப்பினார்கள். எல்லாச் சந்தாதாரர்களுக்கும் பிழைதிருத்தம் அனுப்பினார்களா என்று கேட்டதற்கு மட்டும் பதில் வரவில்லை. சட்டம் சொல்லித் தருவதற்குப் பணம் வாங்குகிறவர்கள் இந்தப் பிழையைச் செய்யக் கூடாது.

பெண்களுக்குப் பணியிடத்தில் நேரும் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, பத்துப் பேரோ அதற்கு மேலோ உள்ள எங்களைப் போன்ற ஆலையில் புகாரை விசாரிக்கும் உள்ளகக் குழு இல்லாவிட்டால் 50,000 ரூபாய் வரை அபராதம். குழுவுக்கு ஒரு பெண்ணே தலைவராக இருக்க வேண்டும், உறுப்பினர்களில் பாதிக்குக் குறையாமல் பெண்கள் வேண்டும், வெளியிலிருந்து ஒருவர் வேண்டும் என்ற விவரங்களைச் சொன்னதோடு, தஞ்சாவூரில் தொண்டு நிறுவன அனுபவம் உள்ள ஒருவரை வெளி உறுப்பினராக அறிமுகப்படுத்தியும் வைத்தார்கள். இது பெரிய உதவி. நாங்களாகத் தேடியிருந்தால் ஆறு மாதம் ஆகியிருக்கும். பயிற்சிக்கென்று கொடுத்த காணொளியைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. கண்ணாடிக் கட்டடம், குளிரூட்டிய அறை, கணினிக்கு முன் அமர்ந்து ஆங்கிலத்தில் பேசும் ஆணும் பெண்ணும். உமித்தூசி படிந்த முக்காட்டோடு எதிரே உட்கார்ந்திருந்த எங்கள் களத்துப் பெண்களில் ஒருவர் பாதியில் எழுந்து, நெல்லை மூட நேரமாச்சு என்று போய்விட்டார். பிறகு வெளி உறுப்பினர் நேரில் வந்து, மேஸ்திரி எப்படிக் கூப்பிடுகிறார், கூலி வாங்கும்போது கையைத் தொடுகிறாரா, இரவு அரவைக்கு வருகிறவர்கள் வீடு திரும்புவது எப்படி என்று கேட்க ஆரம்பித்ததும் ஒரு மணி நேரம் பேச்சு ஓயவில்லை. புகாரை மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பதும், விசாரணையை 90 நாளில் முடிக்க வேண்டும் என்பதும் அன்றைக்குத்தான் அவர்களுக்குப் போய்ச் சேர்ந்தது.

ஆண்டுக்கொரு முறை நேரில் வந்து பார்ப்பது பெயருக்குத்தான். இரண்டு மணி நேரத்தில் முடித்துவிட்டு, மன்னார்குடியில் இன்னொரு ஆலை இருக்கிறது என்று கிளம்பிவிட்டார்கள்.

யாருக்கு இதை வாங்கச் சொல்வேன் என்றால், இருபதிலிருந்து நூறு பேர் வரை வேலை செய்யும், தனி நிர்வாக அலுவலர் இல்லாத ஆலை, ஜவுளிக் கடை, பாத்திரப் பட்டறை ஆகியவற்றுக்கு. பத்துப் பேருக்குக் கீழே இருந்தால் ஆடிட்டரும் தொழிலாளர் துறை அறிவிப்புகளும் போதும். வாங்குகிறவர்கள் மடலுக்காக வாங்க வேண்டாம். தொலைபேசியில் பேசும் அந்த அம்மையாருக்காகவும் நடைமுறைக் குறிப்புகளுக்காகவும் வாங்கலாம். படிவம் எதையும் அவரிடம் ஒருமுறை படித்துக் காட்டாமல் யாருக்கும் கொடுக்காதீர்கள். ஐந்துக்கு மூன்றரை மதிப்பெண் தருகிறேன். கணக்குத் தாள் சரியாக இருந்திருந்தால் நான்கு.

நான் சந்தாவைப் புதுப்பித்துவிட்டேன். புதுப்பிக்கும்போது ஒரு கேள்வியை எழுத்தில் கொடுத்தேன். சம்பா அறுவடை தொடங்கியதும் லாரியில் வரும் மூட்டையை இறக்கும் லோடுமேன்கள் எங்கள் பட்டியலில் இல்லை. மூட்டைக்கு இவ்வளவு என்று மேஸ்திரியிடம் வாங்கிக்கொண்டு, காலையில் எங்கள் ஆலை, மாலையில் அடுத்த ஆலை என்று போகிறவர்கள். 1982ஆம் ஆண்டின் தமிழ்நாடு உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின் கீழ் நல வாரியத்தில் சிலர் பதிவு செய்திருக்கிறார்கள், பலர் செய்யவில்லை. எங்கள் பிளாட்பாரத்தில் ஒருவர் மூட்டையோடு விழுந்தால் அவர் யாருடைய தொழிலாளி, அன்றைக்கு நான் செய்ய வேண்டிய முதல் காரியம் எது என்று கேட்டிருந்தேன். “ஒப்பந்தத் தொழிலாளர் குறித்த விதிகள் இடத்துக்கேற்பப் பொருந்தும்” என்று ஒற்றை வரியில் பதில் வந்திருக்கிறது. திங்கட்கிழமை மீண்டும் தொலைபேசியில் கேட்கப் போகிறேன்; செவ்வாய்க்கிழமை முதல் லாரிகள் வருகின்றன.